ரோபோ செய்ய வைத்தால் பிள்ளைகளுக்கு இயற்பியல் வருமா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறீர்கள். பள்ளிக்கு ரோபோ கிட் வந்தது. பிள்ளைகள் தரையில் வரைந்த கருப்புக் கோட்டின் மேலேயே ஓடும் வண்டியைச் செய்து, கண்காட்சியில் வைத்து, பாராட்டும் வாங்கிவிட்டார்கள். அதே பிள்ளைகளிடம் மின்னோட்டத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் முழிக்கிறார்கள். "இதை வைத்து நிஜமாகவே இயற்பியல் நடத்த முடியுமா, இல்லை கண்காட்சியோடு நிறுத்திக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ரோபோ செய்தாலே இயற்பியல் தானாக வந்துவிடுமா? வராது. ரோபோவை வைத்து ஆசிரியர் இயற்பியல் நடத்த முடியுமா? தாராளமாக முடியும். ஆனால் எல்லாப் பாடத்துக்கும் அது ஒத்துவராது. மின்சுற்றுக்கு அருமையான கருவி. நியூட்டனின் முதல் விதிக்கு, கவனிக்காமல் விட்டால், கெடுதலே செய்யும்.

நான் இயற்பியல் படித்தவன். உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளோடு மோட்டாரும் பேட்டரியும் வைத்துக்கொண்டு பல வருடங்களாக வேலை செய்கிறேன். பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து பேர் கொண்ட குழுக்கள். அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இதையே அப்படியே செய்ய முடியும் என்று சொல்லமாட்டேன். அதற்கு என்ன செய்யலாம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், ஏன் தானாக வருவதில்லை? கிட்டோடு வரும் வழிகாட்டியைப் பாருங்கள். "சிவப்பு வயரை இங்கே செருகு, கருப்பு வயரை அங்கே செருகு, இந்த நிரலை ஏற்று." பிள்ளை அப்படியே செய்கிறது, வண்டி ஓடுகிறது. எந்த இடத்திலும் மின்னோட்டத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இது ஏதோ உங்கள் கிட்டில் மட்டும் உள்ள குறை இல்லை. வகுப்பறை ரோபோ என்ற எண்ணமே நிரல் எழுதக் கற்றுக்கொடுப்பதற்காக வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சீமோர் பேப்பர்ட் லோகோ என்ற நிரல் மொழிக்காகத் தரையில் ஓடவிட்ட ஆமை ரோபோ, வடிவியலையும் நிரல் சிந்தனையையும் பிள்ளைகளுக்குக் கொண்டுபோவதற்கானது. 1998இல் வந்த லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற ரோபோ கிட்டும் அந்த வழியில் வந்ததுதான். அதில் மோட்டார் மூடிய பெட்டிக்குள் இருக்கும். ஒரு பிளக்கைச் செருகினால் முடிந்தது. நிரல் கற்க அது சரி. சுற்றைக் கற்க வேண்டிய பிள்ளைக்கோ, பார்க்க வேண்டியது எல்லாம் மறைந்துவிடுகிறது.

அதனால் என் முதல் யோசனை: ஆர்டுயினோ போர்டை (நிரலை ஏற்றி ரோபோவை இயக்கும் சின்ன மின்னணுப் பலகை) எடுத்து அலமாரியில் வையுங்கள். மூன்று நான்கு வாரங்களுக்கு அது வேண்டாம். நான்கு ஏஏ பேட்டரி போடும் பெட்டி, மஞ்சள் நிற கியர் மோட்டார் இரண்டு (கடையில் பிஓ மோட்டார் என்று கேட்டால் தருவார்கள்), கொஞ்சம் வயர், ஒரு மல்டிமீட்டர் (மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றையும் அளக்கும் மீட்டர்), இவ்வளவு போதும். முதல் நாள் ஒரு மோட்டாரைப் பேட்டரியோடு இணைத்து ஓடவிடுவது, வயரை மாற்றி எதிர்ப்பக்கம் சுற்றவிடுவது. அப்புறம், கையால் வயரைப் பிடுங்கி மாற்றாமல் ஸ்விட்ச் ஒன்றைத் தட்டினாலே திசை மாற வேண்டும் என்று சொல்லுங்கள். ஆறு கால் உள்ள டிபிடிடி ஸ்விட்சை (ஒரே தட்டில் இரண்டு இணைப்புகளை மாற்றுவது) கொடுத்து, குறுக்கே வயர் எப்படிப் போடுவது என்று அவர்களே காகிதத்தில் வரைந்து கண்டுபிடிக்கட்டும். ஒரு வகுப்பு முழுக்க அதற்கே போகும், போகட்டும். இரண்டு ஸ்விட்ச், இரண்டு மோட்டார், நீளமான வயர் வைத்து ஒரு கம்பிவழி வண்டி தயாராகிவிடும். பிற்பாடு, ஆர்டுயினோ சொல்கிறபடி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் மோட்டார் டிரைவர் போர்டைப் பார்க்கும்போது, நாம் கையால் செய்ததைத்தான் இது டிரான்சிஸ்டரால் செய்கிறது என்று பிள்ளைக்குப் பிடிபடும்.

இப்போது ஒரு சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சுற்றுப் பாடத்தில் இதைவிட நன்றாக வேலை செய்யும் ஒன்றை நான் பார்த்ததில்லை. இரண்டு மோட்டார்களையும் தொடர் இணைப்பில் போடுங்கள்; இரண்டிலும் சக்கரம் மாட்டியிருக்கட்டும். இயக்குவதற்கு முன்பே கேளுங்கள்: "எது வேகமாகச் சுற்றும்?" பாதி வகுப்பாவது பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் மோட்டார்தான் வேகமாகச் சுற்றும் என்பார்கள். முதல் மோட்டார் மின்னோட்டத்தைச் செலவழித்துவிட்டு மிச்சத்தை அடுத்ததற்கு அனுப்பும் என்பது அவர்கள் எண்ணம். ஒவ்வொருவரும் பதிலை நோட்டில் எழுதிய பிறகுதான் ஸ்விட்சைப் போட வேண்டும். இரண்டும் மெதுவாக, ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றும். மோட்டாருக்கு மோட்டார் தயாரிப்பில் சின்ன வித்தியாசம் இருப்பதால் அச்சு அசலாக ஒரே வேகம் வராது. சந்தேகப்படும் பிள்ளை இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கட்டும். வேகம் மோட்டாரோடு போகிறதா, இடத்தோடு போகிறதா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அடுத்த கேள்வி: "ஒரு சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினால் மற்றது என்ன ஆகும்?" பெரும்பாலோர் நின்றுவிடும் என்பார்கள், சிலர் மெதுவாகும் என்பார்கள். பிடித்துப் பாருங்கள். மற்றது சட்டென்று வேகம் எடுக்கும். வகுப்பில் சத்தம் கிளம்பும் இடம் இது. அதையே பக்க இணைப்பில் செய்தால், ஒன்றைப் பிடித்தாலும் மற்றது கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், லேசாக மட்டும் குறையும். ஒவ்வொரு மோட்டாரின் இரு முனைகளுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பிடிக்கும் முன்பும் பின்பும் மின்னழுத்தத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். தொடர் இணைப்பில் முன்பு இரண்டுக்கும் பாதிப் பாதியாக இருந்தது, பிடித்த பிறகு நிற்கும் மோட்டாரில் குறைந்து, ஓடும் மோட்டாரில் கூடியிருக்கும். இரண்டையும் கூட்டினால் பேட்டரியின் அளவு வரும். மின்னழுத்தம் பங்கிடப்படுவதைப் பிள்ளை விரலால் உணர்ந்துவிட்டது. சக்கரத்தை ஒரு சில நொடிக்கு மேல் பிடிக்க விடாதீர்கள், மோட்டார் சூடாகும்.

இதற்கு ஏன் என்று கேட்பார்கள், அங்கே நீங்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஓடும் மோட்டாருக்கு ஓம் விதியை நேராகப் போட்டால் கணக்கு உதைக்கும். நிற்கும்போது மீட்டரில் அதன் மின்தடை பத்து ஓமுக்கும் குறைவாகக் காட்டும். ஓடும்போது மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் முப்பது, நாற்பது ஓம் வரும். காரணம், சுற்றுகிற மோட்டார் தானே ஒரு எதிர் மின்னியக்கு விசையை உண்டாக்குகிறது. அது பேட்டரியை எதிர்க்கிறது. பிடித்து நிறுத்தியதும் அந்த எதிர்ப்பு போய்விடுகிறது, வெறும் கம்பிச்சுருள் மட்டும் மிஞ்சுகிறது. பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தில் இது கிடையாது. ஆனால் மறைக்கவும் தேவையில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு மோட்டாரோடு ஒரு சிவப்பு எல்இடியை இணைத்து, சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுற்றச் சொல்லுங்கள். உள்ளே 1:48 கியர் இருப்பதால் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் மோட்டார் 48 சுற்று சுற்றும். நொடிக்கு இரண்டு சுற்று கொடுத்தாலே எல்இடி மினுங்கும், ஒரு திசையில் மட்டும். முரட்டுத்தனமாகச் சுற்றினால் பிளாஸ்டிக் கியரின் பல் போய்விடும், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஓம் விதியைக் கணக்காகப் போட்டுப் பார்க்க வேண்டிய இடத்தில் மோட்டாரை விட்டுவிட்டு மின்தடையாக்கியையே பயன்படுத்துங்கள். 5 வோல்ட், 220 ஓம், சிவப்பு எல்இடி என்று போட்டால், எல்இடி ஏறக்குறைய 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், மீதி 3 வோல்ட்டை 220ஆல் வகுத்தால் 14 மில்லியாம்பியர் அளவுக்கு வரும். மீட்டரும் அதை ஒட்டியே காட்டும்.

பேட்டரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லாப் பள்ளியிலும் நடக்கும் ஒன்று: ஒரு 9 வோல்ட் சதுர பேட்டரியைப் போட்டு வண்டியைத் தரையில் வைத்ததும், மோட்டார் உறுமும், ஆர்டுயினோ அணைந்து மறுபடி உயிர்பெறும், மறுபடி அணையும். "போர்டு போச்சு சார்" என்று ஓடி வருவார்கள். போர்டு நன்றாகத்தான் இருக்கும். அந்த பேட்டரியின் அக மின்தடை, அதாவது அதன் உள்ளேயே இருக்கும் மின்தடை, அதிகம். மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தைக் கொடுக்கப் போனால் அதன் முனைகளில் மின்னழுத்தம் சரிந்துவிடும். உடனே வேறு பேட்டரி மாட்டிக் கொடுத்துவிடாதீர்கள். அந்த இடத்தில் நிறுத்தி அளக்க விடுங்கள். எடுத்துக்காட்டுக்கு, நான்கு ஏஏ பேட்டரி வெறுமனே 6.2 வோல்ட் காட்டுகிறது, 0.4 ஆம்பியர் எடுக்கும்போது 5.8 காட்டுகிறது என்று வையுங்கள். 0.4 வோல்ட் உள்ளேயே தொலைந்தது, ஆக அக மின்தடை 1 ஓம். இரண்டு சக்கரமும் சிக்கி 1.6 ஆம்பியர் இழுத்தால் என்ன ஆகும் என்று இப்போது பிள்ளையே சொல்லும்: 4.6 வோல்ட். அதே பேட்டரியிலிருந்து போர்டையும் ஓட்டினால் அது ஏன் தடுமாறுகிறது என்பது தெளிவாகிவிடும். டிரைவர் போர்டிலும் இதேபோல ஒரு இழப்பு உண்டு. கிட்டில் வரும் எல்298என் என்ற டிரைவர் பழைய வகை டிரான்சிஸ்டர்களால் ஆனது, சுமார் 2 வோல்ட்டை அதுவே விழுங்கிவிடும். மோட்டாருக்குப் போகும் முன்பும் பின்பும் அளந்தால் தெரியும். அந்த 2 வோல்ட் எங்கே போனது என்று கேட்டால், கருப்பு உலோகத் தகட்டைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருக்கிறது என்பார்கள். மின்திறன் பாடத்தை அங்கேயே ஆரம்பித்துவிடலாம்.

நான் இந்தத் தவறான எண்ணங்களையே சுற்றிச் சுற்றி வருவதற்குக் காரணம் உண்டு. இவை நம் ஊர்ப் பிள்ளைகளிடம் மட்டும் இருப்பவை அல்ல. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லில்லியன் மெக்டெர்மாட், பீட்டர் ஷாஃபர் இருவரும் 1992இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது. ஒரே மாதிரியான ஐந்து பல்புகள்: ஒன்று தனியாக, இரண்டு தொடரில், இரண்டு பக்க இணைப்பில். எது எதைவிடப் பிரகாசம் என்பதே கேள்வி. கல்லூரியில் கால்குலஸோடு இயற்பியல் படிக்கும் மாணவர்களிலேயே ஏறக்குறைய 15 சதவீதம் பேர்தான் சரியாக வரிசைப்படுத்தினார்கள். மின்னோட்டம் வழியில் செலவாகிவிடும் என்பதும், பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தரும் என்பதும் அங்கும் ஆழமாக வேரோடியிருந்தன. சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுப்பவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். முன்கூட்டியே ஊகித்து, எழுதி, பிறகு கண்ணால் பார்ப்பதுதான் இதை அசைக்கிறது. ரோபோ அதற்கு வாகாக இருப்பது, அதில் ஊகம் தப்பினால் உடனே தெரிந்துவிடுவதால்.

இனி இயக்கவியல். ரோபோ கெடுதல் செய்யும் என்று மேலே சொன்னது இங்கேதான். இந்த வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்று யோசியுங்கள். பேட்டரியைக் கொடுத்தால் ஓடுகிறது, எடுத்தால் அந்த நொடியே நிற்கிறது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடுகிறது. இதையே நாள் முழுக்கப் பார்க்கும் பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? ஒரு பொருள் ஓட வேண்டுமானால் விசை இருந்துகொண்டே இருக்க வேண்டும், விசை கூடினால் வேகம் கூடும் என்ற முடிவுக்குத்தான். அரிஸ்டாட்டிலின் எண்ணமும் கிட்டத்தட்ட இதுவே; பத்தாம் வகுப்பு முதல் பாடம் மாற்ற முயல்வதும் இந்த எண்ணத்தைத்தான். 1:48 கியரின் உராய்வு நிலைமத்தை முற்றிலும் மறைத்துவிடுகிறது. முடுக்கமும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுவதால் கண்ணுக்கு அகப்படாது. சீரான வேகத்துக்குத் தொலைவு-நேர வரைபடம் போட இந்த வண்டி நன்றாக இருக்கும், முடுக்கத்துக்கு உதவாது. நியூட்டனின் முதல் விதியை மோட்டாரை வைத்து நிரூபிக்கப் பார்க்காதீர்கள். மாறாக, வண்டியின் மேல்தட்டில் ஒரு கோலிக்குண்டை வைத்து ஓடவிடுங்கள். வண்டி கிளம்பும்போது குண்டு பின்னால் உருளும், வண்டி சட்டென நின்றதும் முன்னால் ஓடும். வண்டி ஏன் நின்றது, குண்டு ஏன் நிற்கவில்லை என்ற அந்த ஒரு கேள்வியில் உராய்வும் நிலைமமும் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

உராய்வு, திருப்புத்திறன், ஆற்றல் ஆகியவற்றுக்கு ரோபோ நன்றாகவே பொருந்தும். ஒரு பலகையைச் சாய்த்து வண்டியை ஏறவிடுங்கள், சாய்வைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் ஏறாது. ஏறாததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: சக்கரம் வழுக்கிக்கொண்டு வீணாகச் சுற்றும், அல்லது மோட்டார் தாங்காமல் நின்றுவிடும். முதலாவது பிடிப்புப் பிரச்சினை, இரண்டாவது திருப்புத்திறன் பிரச்சினை. மின்னோட்டத்தை அளந்தால் எது என்று மீட்டரே சொல்லிவிடும்; நின்றுபோன மோட்டார் மின்னோட்டத்தை எக்கச்சக்கமாக இழுக்கும். வழுக்கினால் பேட்டரிப் பெட்டியை மோட்டார் உள்ள சக்கரங்களுக்கு மேலே நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள், ஏறும். அதிகமாக நகர்த்தினால் வண்டி கவிழ்ந்துவிடும், புவியீர்ப்பு மையத்தைப் பற்றி அப்போது பேசலாம். அரைக் கிலோ வண்டி 30 சென்டிமீட்டர் உயரம் ஏறினால் செய்த வேலை ஏறக்குறைய 1.5 ஜூல். 5 வோல்ட், 0.5 ஆம்பியர், 3 நொடி என்றால் பேட்டரி கொடுத்தது 7.5 ஜூல். ஐந்தில் ஒரு பங்குதான் உயரமாக மாறியிருக்கிறது. மீதியைத் தேடிப் போகட்டும்.

ஒலியியலுக்கும் ஒரு வழி இருக்கிறது. கிட்டில் உள்ள அல்ட்ராசோனிக் சென்சார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. நிரலில் பெரும்பாலும் ஒலியின் வேகம் 20 டிகிரிக்கு உரிய நொடிக்கு 343 மீட்டராகவே இருக்கும். நம் ஊர் வெயிலில் 35 டிகிரி இருந்தால் உண்மையான வேகம் 352 அளவில். ஒரு மீட்டர் தூரத்தை இரண்டரை சென்டிமீட்டர் குறைத்துக் காட்டும்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகமில்லை. ரோபோ வகுப்பு வைத்தால் தேர்வில் மதிப்பெண் கூடுமா என்று கேட்டால், அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. கல்வியில் ரோபோ பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வந்த ஒரு மீளாய்வு, பொதுவாகக் கற்றலுக்கு உதவுகிறது, ஆனால் எந்த முன்னேற்றமும் தெரியாத ஆய்வுகளும் இருக்கின்றன என்றுதான் சொன்னது. என் அனுபவமும் அப்படித்தான். ஆசிரியர் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்ட வகுப்பில் பலன் தெரியும். ஓடவிட்டதோடு முடிந்த வகுப்பில் ஆர்வம் மட்டும் மிஞ்சும். ஆர்வமும் வேண்டியதுதான், அதற்காகச் செய்தாலும் தப்பில்லை. ஆனால் ஆர்வமாக இருக்கிறார்கள் என்பதை வைத்துப் புரிந்துகொண்டார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புரிந்ததா என்று பார்க்க ரோபோ இல்லாத கேள்வி ஒன்றைக் கொடுங்கள். மேலே சொன்ன ஐந்து பல்பு கேள்வியையே காகிதத்தில் வரைந்து கொடுக்கலாம்.

அறுபது பேர் வகுப்புக்கு வருகிறேன். ஆறு பேர் கொண்ட குழுவில் ஒருவன் வயரைப் பிடிப்பான், ஐந்து பேர் வேடிக்கை பார்ப்பார்கள். பெண் பிள்ளைகளிடம் நோட்டு எழுதும் வேலை தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். இதை நீங்கள்தான் உடைக்க வேண்டும். வயர் போடுவது, மீட்டர் பிடிப்பது, ஊகத்தைச் சொல்வது, எழுதுவது என்று பிரித்து, ஒவ்வொரு சோதனைக்கும் கட்டாயமாக மாற்றுங்கள். வகுப்பைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதி கணக்குப் போடும்போது மறுபாதி அளக்கட்டும். முழு ரோபோ எல்லாக் குழுவுக்கும் தேவையில்லை. இரண்டு மோட்டாரும் பேட்டரிப் பெட்டியும் மீட்டரும் எல்லாக் குழுவுக்கும் இருந்தால் மேலே சொன்னதில் முக்கால்வாசியைச் செய்துவிடலாம்.

செலவழிக்க ஏதாவது பணம் இருந்தால் இன்னொரு கிட் வாங்காதீர்கள், மல்டிமீட்டர் வாங்குங்கள். சாதாரண மஞ்சள் மீட்டரே போதும். கூடவே அதற்குள் போகும் சின்னக் கண்ணாடி ஃபியூஸ்களும் ஒரு பாக்கெட் வாங்கிவிடுங்கள், மில்லியாம்பியர் அளவில் வைத்து மோட்டாரை அளந்து பிள்ளைகள் அதை நிச்சயம் எரிப்பார்கள். மோட்டாரின் மின்னோட்டத்தை 10 ஆம்பியர் துளையில் செருகித்தான் அளக்க வேண்டும். அளந்து முடித்ததும் சிவப்பு வயரை அங்கிருந்து எடுத்து வோல்ட் துளைக்கு மாற்றும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கறாராகக் கொண்டுவாருங்கள். மாற்றாமல் அப்படியே பேட்டரி முனைகளில் வைத்தால் அது நேரடிக் குறுக்குச் சுற்று. ஏஏ பேட்டரி என்றால் வயர் சூடாவதோடு போகும். லித்தியம் செல் என்றால் தீயே பிடிக்கலாம். மேலே சொன்ன எல்லாவற்றையும் சாதாரண ஏஏ பேட்டரியிலேயே செய்ய முடியும் என்பதால், கிட்டில் லித்தியம் செல் வந்திருந்தாலும் அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.